ஐஸ் ஹொக்கியில் கோல் காக்கிற பிள்ளைக்கு அது பிழைப்பாகுமா?

கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கொக்குவிலில் இருக்கும் ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவின் மகள் ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவள், வயது பதினாறு. ஐஸ் ஹொக்கியில் கோல் காப்பவள். "படிப்பு முடிய இதைத்தான் தொழிலாகச் செய்வேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். அக்காவும் அத்தானும் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். "சின்னம்மா சொன்னால் கேட்பாள், நீ விசாரித்துச் சொல்லு" என்று பாரத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்பிள்ளைக்கு இதில் வருமானம் வருமா, எவ்வளவு காலம் ஆடலாம், உடம்பு தாங்குமா என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, நான் ஆடினவன் இல்லை. ஸ்காபரோவில் ஒரு ஐஸ் அரங்கில் பதினொரு வருடம் வேலை செய்தவன். இடைவேளையில் ஒரு பெரிய வண்டி வந்து ஐஸைச் சீவி, சுடுதண்ணீர் விட்டு வழவழப்பாக்கிக்கொண்டு போகுமே, ஸம்போனி, அதை ஓட்டினேன். ஐஸுக்கு ஏன் சுடுதண்ணீர் என்று ஊரில் எல்லாரும் கேட்பார்கள். சுடுதண்ணீர் மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கி அதோடு ஒன்றாக உறையும், பச்சைத்தண்ணீர் என்றால் அப்படிப் பிடிக்காது. சரி, அது வேறு கதை. என் மகளும் எட்டு வயதில் இருந்து பதினைந்து வரை கோல் காத்தவள். அதனால் இந்த விஷயத்தை வாசலில் நின்றும் பார்த்திருக்கிறேன், வீட்டுக்குள் வைத்தும் பார்த்திருக்கிறேன். இப்போது திருநெல்வேலியில் இருந்துகொண்டு யூரியூப்பில் ஆட்டம் பார்க்கிறேன். அங்கே குளிர்காலத்து இரவு ஏழு மணி என்றால் இங்கே விடிய ஐந்தரை, தேத்தண்ணியோடு உட்கார்ந்தால் சரி.

முதலில் நேரான பதில். பத்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் "இல்லை, இது செலவு மட்டும்தான்" என்று சொல்லியிருப்பேன். இப்போது சம்பளம் தருகிற ஒழுங்கான லீக் இருக்கிறது. ஆனால் கோல்காப்பாளருக்குக் கதிரை மிகக் குறைவு. இந்த ஆட்டத்தில் மற்ற எல்லா இடத்தையும் விட இந்த ஒரு இடத்துக்குத்தான் காத்திருப்பு அதிகம். பெறாமகளுக்கு நீங்கள் விளங்கப்படுத்த வேண்டியது சம்பளத்தை விட அதைத்தான்.

அதற்கு முன், அந்தப் பிள்ளை என்ன செய்கிறாள் என்பதை நீங்கள் கொஞ்சம் உணர வேண்டும். எங்கள் வீட்டு மேசையில் ஒரு பக் கிடக்கிறது, மின்சாரப் பில் பறக்காமல் இருக்க மேலே பாரமாக வைத்திருக்கிறோம். மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு, 170 கிராம் அளவில் கறுத்த றப்பர் வில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் ஒரு நாள் எடுத்துச் சீமெந்து நிலத்தில் போட்டான், துள்ளிக் கதிரைக்குக் கீழே ஓடிவிட்டது. பிறகு அதையே குளிர்சாதனப் பெட்டியில், மேல்தட்டில் மீன் பையோடு பின்னேரம் வரை வைத்து எடுத்துப் போட்டுக் காட்டினேன். 'டொக்' என்று விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஆட்டத்துக்கு முன் பக்கை உறைய வைப்பது இதற்காகத்தான். துள்ளுகிற சாமான் ஐஸில் ஒழுங்காக வழுக்காது. உறைந்த பக்கைப் பெடியனின் முழங்காலில் மெல்லத் தட்டினேன். "கல்லு மாமா" என்றான்.

அந்தக் கல்லுத்தான் மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. பத்து மீற்றர் தூரத்தில் இருந்து அடித்தால் கோலுக்கு வர ஏறத்தாழ மூன்றில் ஒரு வினாடி. கோல் ஆறடி அகலம், நாலடி உயரம். பார்த்துவிட்டுப் பாய்வதற்கு நேரம் போதாது. அடிக்கப் போகிறவளின் மட்டை எந்தப் பக்கம் திரும்புகிறது, தோள் எப்படி இருக்கிறது, யார் தனியாக நிற்கிறாள் என்று முன்கூட்டியே வாசித்து, சரியான கோணத்தில் போய் நிற்க வேண்டும். கோலை விட்டு ஒரு எட்டு முன்னுக்கு வந்தால் அடிப்பவளின் கண்ணுக்குக் கோல் சின்னதாகிவிடும். அதிகமாக வந்தால் பின்னால் இருப்பவளுக்கு ஒரு பாஸ், கோல் வெறுமை. இந்தக் கணக்கை அறுபது நிமிடமும் போட்டுக்கொண்டு நிற்பவள்தான் கோலி. உங்கள் பாடசாலை வலைப்பந்து அணியில் கோல் காப்பு ஆடுகிற பிள்ளையிடம் கேளுங்கள், பாதி விளங்கும்.

நான் ஐஸைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு வண்டியை உள்ளே எடுப்பேன். அடுத்த நிமிடம் கோலி வந்து, தன் நீல வட்டத்துக்குள் மட்டும், இடம் வலமாக ஸ்கேற்றால் தேய்த்துத் தேய்த்து ஐஸைச் சொரசொரப்பாக்குவாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் விளங்கியது: வழுக்குகிற இடத்தில் நின்று பக்கவாட்டில் தள்ள முடியாது, பிடிப்பு வேண்டும். எந்த வயதானாலும், எந்த அணியானாலும் முதலில் ஐஸுக்கு வந்து இந்தத் தேய்ப்பைச் செய்வது கோலிதான். மற்றவர்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வருவார்கள்.

இனிக் கதிரைக் கணக்கு. 2024 ஜனவரி முதலாம் திகதி தொழில்முறை மகளிர் ஹொக்கி லீக் தொடங்கியது. பொஸ்ரன், மினசோட்டா, மொன்றியல், நியூயோர்க், ஒட்டாவா, ரொறன்ரோ என்று ஆறு அணி. முதல் ஆட்டம் ரொறன்ரோவில். நியூயோர்க் 4-0 என்று வென்றது, அந்த அணியின் கோலி கொரின் ஷ்ரோடர் ஒரு கோலும் விடவில்லை. பிறகு வன்கூவரும் சியாற்றிலும் சேர்ந்து எட்டு அணியானது. ஒரு அணிக்கு மூன்று கோலி. எட்டு மூன்று இருபத்துநாலு. வட அமெரிக்கா முழுவதிலும், ஐரோப்பாவில் இருந்து வருகிறவர்களையும் சேர்த்து, அந்த லீக்கில் இருபத்துநாலு இடம். இன்னும் அணிகள் கூடலாம், கூடினாலும் ஒன்றுக்கு மூன்றுதான். அந்த மூன்றிலும் ஆட்டத்துக்கு இரண்டு பேர்தான் உடுப்பு மாற்றுவார்கள், ஒருத்திதான் கோலில் நிற்பாள். முன்வரிசைக்காரியைச் சரியில்லை என்றால் நாலாவது வரிசையில் போட்டு ஐந்து நிமிடம் ஆட விடலாம். கோலிக்கு அப்படிப் பாதி ஆட்டம் கிடையாது. ஆடினால் முழுவதும், இல்லாவிட்டால் வாங்கு.

வாங்கில் இருக்கிற கோலிக்கு ஒரு வேலை உண்டு தெரியுமா? ஐஸுக்குப் போகிற, வருகிற ஆட்களுக்குக் கதவு திறந்து பூட்டுவது. என் மகள் பதினைந்து வயதில் ஒரு சுற்றுப்போட்டிக்காகப் பனிக்குள் நாலரை மணித்தியாலம் காரில் வந்து, மூன்று ஆட்டம் கதவு திறந்துவிட்டு, திரும்பிப் போனாள். பயிற்றுநர் ஒரு நிமிடம்கூட விடவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. வரும்போது காரில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தினேன், இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். அந்தப் பருவத்தோடு விட்டாள். இன்று மருந்தகத்தில் நல்ல வேலையில் இருக்கிறாள், கிழமைக்கு ஒரு இரவு பெரியவர்கள் லீக்கில் பகிடிக்கு ஆடுகிறாள். நான் இன்னும் அந்தப் பயிற்றுநரை மன்னிக்கவில்லை. அவள் மறந்துவிட்டாள்.

உச்சத்தில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். கனடாவின் மகளிர் அணியை எடுங்கள். 2002 ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கோலில் நின்று தங்கம் எடுத்தவர் கிம் சென்-பியேர். 2006 இறுதியாட்டத்தில் நின்றவர் ஷார்லீன் லபொன்ரே, அப்போதும் தங்கம். 2010இல் சொந்த நாட்டில், வன்கூவரில் ஒலிம்பிக். அந்த இரண்டு பேரும் அணியில் இருக்கிறார்கள். இறுதியாட்டத்துக்குப் பயிற்றுநர் யாரை இறக்கினார்? ஷானன் சபாடோஸ், 23 வயது, அதுதான் முதல் ஒலிம்பிக். அமெரிக்காவுக்கு எதிராக 2-0. ஒரு கோலும் உள்ளே போகவில்லை. ஏற்கெனவே இறுதியாட்டம் வென்ற இரண்டு பேர் வெளியே நின்று கைதட்டினார்கள். எட்டு வருடம், மூன்று இறுதியாட்டம், மூன்று வேறு கோலி. இதைத் தாங்குகிற மனம் பிள்ளைக்கு இருக்கிறதா என்று பாருங்கள், கை வேகம் பிறகு.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் மகளிர் உலகச் சம்பியன்ஷிப் இறுதியாட்டம், அமெரிக்காவின் முதல் கோலி ஏரின் பிராங்கல் காயப்பட்டு வெளியே போக, வாங்கில் இருந்த க்வினெத் பிலிப்ஸ் நடு ஆட்டத்தில் குளிர்ந்த உடம்போடு இறங்கினார். மேலதிக நேரத்தில் அமெரிக்கா 4-3 என்று வென்றது. அவர் ஒட்டாவா அணியில் அப்போது புதுசு, அங்கேயும் இரண்டாவது கோலி. முதல் கோலி எமரன்ஸ் மாஷ்மயரும் காயப்பட, பருவத்தின் கடைசியிலும் கிண்ணத்துக்கான சுற்றிலும் பிலிப்ஸ்தான் நின்றார். மொன்றியலோடு ஒரு ஆட்டம் நாலாவது மேலதிக நேரம் வரைக்கும் போனது. அந்தப் பக்கம் நின்றவர் ஆன்-ரெனே டெபியன். நான் இங்கே காலைச் சாப்பாட்டை மறந்து பார்த்தேன். இறுதிச் சுற்றில் மினசோட்டா மூன்று ஆட்டமும் ஒட்டாவா ஒன்றும் வென்றன, நாலும் மேலதிக நேரத்தில் 2-1. கிண்ணம் மினசோட்டாவுக்கு. அந்தச் சுற்றின் சிறந்த வீராங்கனை என்ற விருது தோற்ற அணியின் பிலிப்ஸுக்குப் போனது. ஆக, கதவு திறக்கிற பிள்ளைக்கும் ஒரு நாள் வரும். எந்த நாள் என்று அவளுக்கே தெரியாது. அது வரும் வரை ஒவ்வொரு நாளும் முதல் கோலி மாதிரியே பயிற்சி செய்ய வேண்டும், அதுதான் பாடு.

காசு. அக்கா உண்மையில் கேட்க விரும்புவது இதுதான் என்று நினைக்கிறேன். கனடாவில் 2007இல் ஒரு மகளிர் லீக் தொடங்கியது. முதல் பத்து வருடம் ஒரு சதம் சம்பளம் இல்லை. ஒலிம்பிக் தங்கம் எடுத்த பெண்கள் பகல் முழுக்க வேலை செய்துவிட்டு இரவு பத்து மணிக்குப் பயிற்சிக்கு வருவார்கள். அந்தக் காலத்தில் நல்ல நேரத்து ஐஸ் எல்லாம் சின்னப் பெடியன்களுக்கும் பெரிய ஆண்களுக்கும் போய்விடும், எங்கள் அரங்கிலும் அதே நிலைமை. 2017இல்தான் சின்னக் கைச்செலவு மாதிரி ஏதோ கொடுக்கத் தொடங்கினார்கள். 2019இல் லீக்கையே மூடிவிட்டார்கள். அமெரிக்காவில் 2015இல் தொடங்கிய இன்னொரு லீக் ஆகக் குறைந்தது பத்தாயிரம் டொலர் என்று சொல்லித் தொடங்கி, அடுத்த வருடமே நடுப்பருவத்தில் சம்பளத்தை வெட்டியது. அதன் பிறகு ஏறத்தாழ இருநூறு வீராங்கனைகள் சேர்ந்து, ஒழுங்கான லீக் வரும் வரை வட அமெரிக்காவில் எந்த லீக்கிலும் ஆட மாட்டோம் என்று நின்றார்கள். உலகத்தின் மிகச் சிறந்த கோலிகள் சிலர் தங்கள் நல்ல வயதை அந்த நாலு வருடக் காத்திருப்பில், காட்சி ஆட்டங்கள் ஆடிக் கழித்தார்கள். இது தொழிற்சங்கப் போராட்டம் மாதிரித்தான், அதில் வென்றும் விட்டார்கள்.

இப்போதைய லீக்கில் வீராங்கனைகளின் சங்கம் முதல் ஆட்டத்துக்கு முன்பே 2031 வரைக்கும் ஒப்பந்தம் போட்டுவிட்டது. முதல் பருவத்தில் ஆகக் குறைந்த சம்பளம் 35,000 அமெரிக்க டொலர், அணியின் சராசரி 55,000, ஒவ்வொரு அணியிலும் ஆறு பேருக்காவது 80,000 அல்லது அதற்கு மேல். பிறகு வருடா வருடம் கொஞ்சம் ஏறும். தயவுசெய்து இதை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், கோடி என்று வந்து தலை சுற்றும். அடிமட்டச் சம்பளத்தோடு ரொறன்ரோவில் தனியாக வீடு எடுத்து இருந்தால் மாதக் கடைசியில் இழுபறிதான். மேல்மட்டத்தில் இருப்பவருக்குப் பரவாயில்லை. சனம் வருகிறதா என்றால், வருகிறது. 2024 ஏப்ரலில் மொன்றியலும் ரொறன்ரோவும் ஆடிய ஒரு ஆட்டத்துக்கு 21,105 பேர். துரையப்பா விளையாட்டரங்கில் எங்கள் பெரிய உதைபந்தாட்ட இறுதிக்குச் சனம் நெரிபடுவதை நினைத்துக்கொண்டு, அதை எத்தனை தடவை பெருக்க வேண்டும் என்று பாருங்கள்.

வட அமெரிக்காவில் இடம் கிடைக்காதவர்கள் ஐரோப்பாவுக்குப் போவார்கள், சுவீடன் லீக் நல்லது. பின்லாந்தின் நூரா ரேட்டி மாதிரி சிலர் உலகம் சுற்றியே வாழ்ந்தார்கள். பதினாறு வயதில் 2006 ஒலிம்பிக்கில் நின்றவர், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 2014இல் பெண்களுக்கு ஒழுங்கான லீக் இல்லை என்று சொல்லிச் சர்வதேச ஆட்டத்தை விடுகிறேன் என்று அறிவித்தார். பிறகு பின்லாந்தில் ஆண்கள் அணியில் நின்றார், சீன அணியில் நின்றார், நாட்டு அணிக்கும் திரும்பி வந்தார். திறமை குறைந்து விட்டவர் இல்லை. நிற்க இடம் தேடி அலைந்தவர்.

ஆண்கள் அணி என்றதும் ஞாபகம் வருகிறது. பெண் கோலிகளுக்கு மட்டும் அந்தக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. மோதல் குறைந்த இடம், கணக்கும் வேகமும் முக்கியமான இடம் என்பதால் இருக்கலாம். கியூபெக்கின் மனோன் ரேயோம் ஐந்து வயதில், அப்பா பயிற்றுவித்த பெடியன்கள் அணியில் கோலி இல்லை என்று தானாக நின்றவர். 1992 செப்டெம்பர் 23ஆம் திகதி ஆண்களின் தேசிய லீக்கில், பருவத்துக்கு முன்னான ஒரு ஆட்டத்தில், டம்பா பே அணிக்காக ஒரு பகுதி நின்றார். கோலுக்கு வந்த ஒன்பது அடிகளில் ஏழு அடியைத் தடுத்தார். அவரை எடுத்தது விளம்பரத்துக்கு என்று அப்போதும் சொன்னார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த ஏழு அடியைத் தடுத்தது விளம்பரம் இல்லையே! சபாடோஸ் பிறகு அமெரிக்காவின் தெற்கில் ஒரு ஆண்கள் தொழில்முறை லீக்கில் ஆடி, 2015இல் ஒரு கோலும் விடாமல் ஒரு ஆட்டத்தை முடித்தார், ஆண்கள் தொழில்முறை ஹொக்கியில் பெண் ஒருவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. பெறாமகளிடம் ஆண்கள் அணியில் ஆடுகிற ஆசை இருந்தால் தடுக்க வேண்டாம். 2018 ஒலிம்பிக் இறுதியில் கடைசி அடியைத் தடுத்து அமெரிக்காவுக்குத் தங்கம் எடுத்துக் கொடுத்த இருபது வயது மாடி ரூனியும் பாடசாலையில் ஆண்கள் அணியில் நின்று வந்தவர்.

முகத்தில் அடிபட்டால் கலியாணம் எப்படி என்று அக்கா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். கோலியின் முகமூடிதான் மைதானத்திலேயே உறுதியான சாமான். அதிலும் ஒரு சங்கதி: ஆண்களின் தேசிய லீக்கில் ஜாக் பிளாண்ட் 1959இல் முகமூடி போட்டதைத்தான் எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள். 1927இலேயே கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கிரஹாம் என்ற பெண் கோலி, வாள்வீச்சுக்காரரின் கம்பிவலை முகமூடியைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். முப்பது வருடம் முன்னால். ஆண்கள் அதுவரைக்கும் முகத்தில் தையல் போட்டுக்கொண்டு வீரம் பேசினார்கள்.

கவலைப்பட வேண்டிய இடம் இடுப்பு. இப்போதைய கோலிகள் எல்லாரும் 'வண்ணத்துப்பூச்சி' முறையில் நிற்பவர்கள். இரண்டு முழங்காலும் ஐஸில் விழ, கால்கள் இரண்டு பக்கமும் செட்டை மாதிரி விரியும், கோலின் கீழ்ப்பகுதி முழுவதும் அடைபடும். ஒரு பயிற்சியில் இப்படி நூறு தடவைக்கு மேல் விழுந்து எழும்ப வேண்டும். இடுப்பு மூட்டு உள்பக்கம் திரும்பித் திரும்பி, எலும்பும் குருத்தெலும்பும் உரசி, இருபது இருபத்தைந்து வயதிலேயே சத்திரசிகிச்சை செய்தவர்கள் நிறைய. பதினாறு வயது முக்கியமான வயது. வருடம் முழுக்க ஐஸில் நிற்க விடாமல், கோடையில் இரண்டு மூன்று மாதம் வேறு விளையாட்டு விளையாட விடச் சொல்லுங்கள். இடுப்பில், தொடை மடிப்பில் நோ என்றால் "பழகினால் சரியாகும்" என்று விடக் கூடாது, விளையாட்டுக் காயம் பார்க்கிற உடற்பயிற்சி மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். தலையில் அடிபட்டால் அதைவிட அவசரம். மற்றது நீங்கள் கேட்ட வயது: கோலிகள் மற்றவர்களை விடப் பிந்தித்தான் முதிர்வார்கள். முப்பதைத் தாண்டியும் முதல் இடத்தில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். பதினாறில் யாரும் கவனிக்கவில்லை என்றால் அது முடிவில்லை.

சரி, வழி என்ன? இப்போது பல்கலைக்கழகம்தான். அமெரிக்காவில் முதற்பிரிவுப் பெண்கள் அணி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் நாற்பதுக்கு மேல். பல இடங்களில் ஆட்டத்துக்காகவே படிப்புச் செலவைப் பொறுப்பெடுப்பார்கள். கனடாவிலும் நல்ல அணிகள் உண்டு, சென்-பியேர் மக்கில்லில் படித்தவர்தான். லீக்குக்கு ஆள் எடுப்பதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். என் கண்ணுக்கு இந்தத் தொழிலின் பெரிய சம்பளமே அந்த நாலு வருடப் படிப்பு. லீக்கில் இடம் கிடைப்பது அதற்கு மேல் வருகிற லாபம். பதினாறு வயதில்தான் பயிற்றுநர்கள் பார்க்கத் தொடங்குவார்கள், அதனால் அவள் இப்போது செய்ய வேண்டியது ஆட்டத்தின் நல்ல காணொளி வைத்திருப்பது, பயிற்றுநர்களுக்குத் தானே எழுதுவது, பாடசாலைப் புள்ளிகளை விழ விடாமல் பார்ப்பது. கோல் விட்ட காட்சியையும் ஒன்றிரண்டு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். கோல் விட்ட பிறகு அந்தப் பிள்ளை எப்படி நிற்கிறாள், தலை குனிகிறாளா, மட்டையால் கம்பத்தில் அடிக்கிறாளா என்பதைத் தெரிந்த ஆட்கள் பார்ப்பார்கள்.

டெபியனின் கதையை அக்காவிடம் அப்படியே சொல்லுங்கள், கணக்காளர் என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும். கியூபெக்கின் சின்ன ஊரில் இருந்து விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்குப் போய், கோல் விடாத ஆட்டங்களில் சாதனை படைத்தவர். கூடவே கணக்கியல் படித்தார், முதுமாணி வரைக்கும். 2018 ஒலிம்பிக்கில் கனடாவின் மூன்று கோலிகளில் ஒருவர், இறுதியில் நின்றவர் சபாடோஸ். அதற்குப் பிறகு ஹொக்கியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கியல் பக்கம் போனார். பிறகு திரும்பி வந்தார். 2022 பெய்ஜிங்கில் தங்கம், 2025இல் லீக்கின் சிறந்த கோலி விருது. கையில் வேறு தொழில் இருந்ததால்தான் அவரால் விடவும் முடிந்தது, வரவும் முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு ஆள். லடாக்கின் நூர் ஜஹான், இந்திய மகளிர் அணியின் கோல்காப்பாளர். வேலை, பழைய சுவரோவியங்களையும் கலைப்பொருட்களையும் பழுதுபார்த்துப் பாதுகாப்பது. லடாக்கில் குளம் உறைகிற சில கிழமைதான் ஆட்டம். அப்படிப்பட்ட அணிதான் 2017இல் பாங்கொக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்று முதல் சர்வதேச வெற்றியை எடுத்தது, 2025 ஆசியக் கிண்ணத்தில் வெண்கலமும் எடுத்தது. உங்கள் பெறாமகளுக்குச் சில கிழமை அல்ல, வருடம் முழுக்க ஐஸ் இருக்கிறது, அது அவளுக்கே தெரியாத பெரிய சொத்து.

எங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறதே. ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்து ஆடி அவுஸ்திரேலியாக் கழகம் வரைக்கும் போனார், 2019 உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிக கோல் போட்டார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அந்த உயரத்தைப் பார்த்து ஊர் என்னென்ன கதைத்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

செலவும் ஒன்று இருக்கிறது, அத்தானுக்கு ஏற்கெனவே தெரியும். கோலியின் கால்கட்டை, கையுறை, நெஞ்சுக்கவசம், முகமூடி எல்லாம் புதிதாக வாங்கினால் சில ஆயிரம் டொலர், வளருகிற வயதில் கால்கட்டை இரண்டு வருடத்தில் குறைந்துவிடும். பாவித்ததை வாங்கலாம். முகமூடியை மட்டும் பாவித்தது வாங்க வேண்டாம். கோலிக்குத் தனிப் பயிற்றுநர் வேண்டும், அது இன்னொரு பில். லீக்குக்குப் போய்விட்டால் இதெல்லாம் அணியின் பாடு, அதுவரைக்கும் பெற்றோரின் பாடு. விடிய ஐந்து மணிக்கு எழும்பி, பனி தள்ளி, காரைச் சூடாக்கி, பிள்ளையைக் கொண்டு வந்து இறக்கிவிட்டு, இரும்பு வாங்கில் கம்பளியோடு குந்தியிருக்கிற தமிழ் அப்பாமாரை அந்தப் பதினொரு வருடமும் பார்த்தேன். முதல் வருடம் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் நேரம் பார்ப்பார்கள். மூன்றாவது வருடம் மத்தியஸ்தரைப் பேசுவார்கள்.

ஆடிமாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வரும்போது ஐஸ் இல்லையே என்று பிள்ளை அந்தரப்படுவாள். ரெனிஸ் பந்து மூன்று வாங்கி வையுங்கள், கிணற்றடிச் சுவரில் அடித்துப் பிடிக்கலாம், கோலிகள் கண்ணுக்கும் கைக்கும் அதைத்தான் செய்வார்கள். பின்னேரம் ஒழுங்கைப் பெடியன்களோடு கிரிக்கெட்டுக்கு விடுங்கள், விக்கெற் காப்பில் நிற்கட்டும். கால்கட்டைப் பையையும் கொண்டு வந்தாள் என்றால் வீட்டுக்குள் மட்டும் விட வேண்டாம். சிப்பை திறந்து, எல்லாவற்றையும் முற்றத்து வெயிலில் விரித்துப் போடுங்கள். அந்த மணம் உங்கள் அம்மாவைச் சாமி அறையில் இருந்து எழுப்பிக்கொண்டு வரும்.